குடும்பத்தோடு வாடகைக்குப் போக எந்த ஏரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நகரத்தில் குடும்பத்துக்கு அபார்ட்மென்ட் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எந்த நகரமாக இருந்தாலும் பொருந்துகிற விஷயங்கள் மட்டும்தான். எந்த ஏரியா நல்லது, வாடகை எவ்வளவு என்ற பட்டியலைத் தேடி வந்திருந்தால் அது இங்கே கிடைக்காது.

வீட்டை முதலில் பார்ப்பதா, ஏரியாவை முதலில் பார்ப்பதா?

ஏரியாவைத்தான். வீட்டின் படங்களைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டால், அப்புறம் ஏரியாவின் குறைகளுக்கு நாமே சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். "பஸ் ஸ்டாப் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது, நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். சமையலறையில் அலமாரி பத்தவில்லை என்றால் ஒரு ஷெல்ஃப் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ராத்திரி 2 மணி வரை லாரி போனால் அதற்கு நம் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று ஏரியாவை முடிவு செய்துவிட்டு, அதற்குள் மட்டும் வீடு பாருங்கள். பார்க்க வேண்டிய வீடுகளின் எண்ணிக்கையும் குறையும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவும் முடியும்.

வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒவ்வொரு தேவை. யாருக்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுப்பது?

அந்த ஏரியாவில் விழித்திருக்கும் நேரம் யாருக்கு அதிகமோ அவருக்கு. பெரும்பாலான குடும்பங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. சம்பாதிக்கிறவரின் ஆபீஸை மேப்பில் குறித்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் வீடு தேடுகிறோம். அவரோ காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார், வார நாட்களில் தெருமுனையிலிருந்து வாசல் வரை நடக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் ஏரியாவைப் பார்ப்பதே. நாள் முழுக்க அங்கேயே இருப்பது குழந்தை, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், வயதான பெற்றோர், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்.

ஒரு தாளை எடுத்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வீட்டிலும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலும் விழித்திருக்கும் நேரம் எத்தனை மணி என்று எழுதிப் பாருங்கள். ஆபீஸ் போகிறவருக்கு 3, பாட்டிக்கு 14 என்று வந்தால், அந்த விகிதத்திலேயே ஓட்டு. பயண நேரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, அதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது. ஆனால் அது ஒருவரின் ஓட்டு மட்டும்தான்.

எழுதும்போதே தேவைகள் தெளிவாகிவிடும். பாட்டிக்கு வேண்டியது மேடு பள்ளம் இல்லாத நடைபாதை, நடுவில் உட்கார ஒரு பெஞ்ச், பெரிய ரோட்டைக் கடக்காமல் போகக்கூடிய ஒரு டாக்டர். மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டியது, காரில் ஏறாமல் தினமும் போகிற மாதிரி ஒரு பூங்கா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிற பெரிய பூங்காவை விட தினமும் போகிற சின்ன மைதானம் எவ்வளவோ மேல். பதின்வயதுப் பிள்ளைக்குத் தனியாகப் போய்வர நல்ல பஸ்ஸோ ரயிலோ வேண்டும், அது இல்லாத ஏரியாவில் பெற்றோர்தான் டிரைவர் வேலை பார்க்க வேண்டியிருக்கும். நகரங்களை ஆராயும் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016-ல் முன்வைத்த '15 நிமிட நகரம்' என்ற யோசனையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: அன்றாடத் தேவைகள் நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் எட்ட வேண்டும். ஊருக்கு அது சாத்தியமா என்ற சர்ச்சை நமக்கு வேண்டாம், நம் வீட்டுக்கு வேண்டிய ஐந்தாறு இடங்களை எழுதி, அவை அப்படி எட்டுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

ஆபீஸுக்கு எவ்வளவு தூரம் வரை தாங்கும்?

கிலோமீட்டரை விடுங்கள், நிமிடக் கணக்கைப் பாருங்கள். செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல், நடந்து போன காலத்திலும் சரி, கார் வந்த பிறகும் சரி, மனிதர்கள் போக வரச் சேர்த்து நாளுக்குச் சுமார் 1 மணி நேரம்தான் பயணத்தில் கழிக்கிறார்கள் என்று எழுதினார். வண்டியின் வேகம் கூடக்கூட அந்த ஒரு மணி நேரம் குறையவில்லை, ஊர்தான் விரிந்துகொண்டே போனது. இன்றைய பெருநகரங்களில் பலருக்கு அது எட்டாத கனவு, ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். என் கணக்குப்படி ஒரு வழிக்கு அரை மணி என்றால் தெரியவே தெரியாது, 45 நிமிடம் என்றால் சமாளிக்கலாம், 1 மணியைத் தாண்டினால் வார நாட்களில் சாயங்காலம் என்ற ஒன்றே வீட்டில் இருக்காது.

"இரண்டு அறை கூடுதலாகக் கிடைக்கிறது, பயணம் பழகிவிடும்" என்பார்கள். அலோயிஸ் ஸ்டட்ஸர், புரூனோ ஃபிரே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஜெர்மனியில் திரட்டப்பட்ட தரவுகளை வைத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட பயணம் செய்கிறவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவாக இருப்பதாகவே சொன்னார்கள். நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டவில்லை. பெரிய வீடு சீக்கிரம் பழகிவிடுகிறது, நெரிசல் பழகுவதில்லை.

சராசரி நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வாரத்தில் நான்கு நாள் 40 நிமிடம், ஒரு நாள் 1 மணி 20 நிமிடம் ஆகிற வழி என்றால், அது எந்த நாள் என்று முன்கூட்டியே தெரியாதே, அதனால் தினமும் 1 மணி 20 நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் வாரம் ஒரு நாள் லேட். அந்த வகையில் எப்போதும் 50 நிமிடம் ஆகிற ரயில் பாதை, 35-லிருந்து 80 வரை ஊசலாடுகிற ரோட்டை விட நல்லது. அடுத்தது, வண்டிகளுக்கு இடையிலான இடைவெளி. 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் போய் நிற்கிறவர் சராசரியாக 10 நிமிடம் நிற்பார், கண்ணெதிரே ஒன்றைத் தவறவிட்டால் முழு 20. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வருகிற பாதையில் டைம்டேபிள் என்ற சிந்தனையே வராது. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள்.

மேப்பில் நேரம் பார்க்கும்போது "செவ்வாய் காலை 9 மணிக்குப் போய்ச் சேர வேண்டும்" என்று போட்டுப் பாருங்கள். ஞாயிறு மதியம் சோபாவில் உட்கார்ந்துகொண்டு பார்த்த நேரத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள் ஏராளம்.

இரண்டு பேருக்கும் வேலை, ஆபீஸ் இரண்டும் ஊரின் இரண்டு கோடியில். நடுவில் எடுத்துவிடலாமா?

நியாயமாகத்தான் தெரியும், ஆனால் நடுவில் எடுத்தால் பல சமயம் இரண்டு பேருக்குமே நீண்ட பயணம்தான் மிஞ்சும். இரண்டு ஆபீஸையும் ஒரே ரயில் பாதையோ ஒரே பஸ் வழித்தடமோ இணைக்கிறதா என்று முதலில் பாருங்கள், அந்தப் பாதை மேல் எங்கே எடுத்தாலும் மாறி ஏற வேண்டிய தொல்லை இல்லை. அப்படி ஒன்று இல்லையென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பகல் 11 மணிக்கு "குழந்தைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று ஸ்கூலிலிருந்து போன் வந்தால் யார் போகப் போகிறீர்கள்? அவர் பக்கம் வீட்டை எடுங்கள். அதுவும் எப்போதும் ஒருவரே போகிறார் என்றால் அதைப் பற்றி வீட்டில் தனியாகப் பேச வேண்டியிருக்கும், அது இந்தப் பக்கத்தில் அடங்காது.

"ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

யார் கால்களால் 5 நிமிடம் என்று போட மாட்டார்கள். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதில் ஒரு விதியே உண்டு: சாலை வழியாக அளந்த 80 மீட்டருக்கு 1 நிமிடம். அதிலும் சிக்னலில் நிற்கிற நேரமும் படி ஏறுகிற நேரமும் சேராது. 80 மீட்டர் என்பது கை வீசி நடக்கிற பெரியவரின் வேகம். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டோ, பையைத் தூக்கிக்கொண்டோ, மூட்டு வலியோடோ நடந்தால் அதே தூரம் 8 நிமிடமோ 10 நிமிடமோ ஆகும். மேப்பில் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்க்கோடு போட்டு அளக்காதீர்கள், நடுவில் ரயில் தண்டவாளமோ வாய்க்காலோ இருந்தால் 300 மீட்டர் என்பது 1 கிலோமீட்டர் சுற்று.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாதாமே?

அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளின் வாடகைக்கு 1969-ல் வருமானத்தில் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 1981-ல் அதை 30 ஆக்கினார்கள். அங்கிருந்துதான் இந்த எண் ஊரெல்லாம் பரவியது. ஒரு அரசுத் திட்டத்துக்காக வைத்த கோடு அது, உங்கள் வீட்டு நிலவரம் அதற்குத் தெரியாது.

ஏரியாக்களை ஒப்பிடும்போது வாடகையோடு பயணச் செலவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி. சிகாகோவில் உள்ள சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வீடும் பயணமும் சேர்த்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரையறை வைத்திருக்கிறது. தள்ளியிருக்கும் ஏரியாவில் வாடகை வருமானத்தில் 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அங்கே இரண்டு வண்டி இல்லாமல் முடியாது; பெட்ரோல், தவணை, பார்க்கிங், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 20 சதவீதம். ஊருக்குள் வாடகை 33, பஸ் பாஸும் எப்போதாவது எடுக்கும் டாக்ஸியும் 6. முதலாவது 44, இரண்டாவது 39. மலிவான ஏரியா எது என்பதே மாறிவிட்டது, இதில் ரோட்டில் போகிற நேரத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

ஸ்கூலை முடிவு செய்துவிட்டு வீடு பார்ப்பதா, வீடு பார்த்துவிட்டு ஸ்கூலா?

குழந்தை ஏற்கெனவே படிக்கிற வயது என்றால் ஸ்கூல் முதலில். பல நகரங்களில் முகவரியை வைத்துத்தான் சேர்க்கை. எல்லைக்கோடு ஒரு தெருவின் நடுவில்கூடப் போகலாம், எதிர்ச் சாரியில் இருக்கிற வீட்டுக்கு வேறு ஸ்கூல். புரோக்கர் சொன்னார், ஓனர் சொன்னார் என்று நம்பாமல், அந்தக் கதவு எண்ணைச் சொல்லி ஸ்கூலிலோ கல்வி அலுவலகத்திலோ நேரடியாகக் கேளுங்கள். இடம் காலியாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி, அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஏரியா குழந்தையை அவ்வளவு பாதிக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய 'மூவிங் டு ஆப்பர்சூனிட்டி' என்ற திட்டத்தில், வறுமை மிகுந்த பகுதிகளில் இருந்த குடும்பங்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு வறுமை குறைந்த பகுதிக்கு மாற வாடகை உதவி கொடுத்தார்கள். பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு கணக்குப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள்: 13 வயதுக்கு முன்பே இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில், மாறாதவர்களை விட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதைவிட மூத்த வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, லேசான பாதகமே தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு இரண்டு நடுத்தர ஏரியாவுக்குள் எது உயர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அந்த ஆய்வு கடும் வறுமைப் பகுதிகளைப் பற்றியது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை நண்பர்களிடமிருந்து பிரித்துக் கொண்டு போகும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க அது போதும்.

நேரில் போனால் என்னதான் பார்க்க வேண்டும்?

ஒரே ஏரியாவுக்கு வெவ்வேறு நேரத்தில் போங்கள். வார நாள் காலை, ஸ்கூல் விடுகிற நேரம், ராத்திரி 9 மணிக்கு மேல், முடிந்தால் மழை பெய்த மறுநாள். சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு எந்த ஏரியாவும் அமைதியாகத்தான் இருக்கும், வீடு காட்டுகிறவர்கள் அந்த நேரத்தைச் சொல்வதும் அதனால்தானோ என்னவோ.

போனதும் அபார்ட்மென்ட் நுழைவாயிலில் நோட்டீஸ் போர்டு இருந்தால் நின்று படியுங்கள். வீட்டைக் காட்டுகிறவர் சொல்லாதது எல்லாம் அதில் இருக்கும். "லிஃப்ட் வேலை செய்யாது, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற தாளின் ஓரம் பழுத்துப்போயிருந்தால் எத்தனை நாளாகத் தொங்குகிறது என்று புரிந்துவிடும். தண்ணீர் விடும் நேரம், மற்றவர் பார்க்கிங்கில் வண்டியை விடாதீர்கள் என்று மூன்று வெவ்வேறு கையெழுத்தில் மூன்று எச்சரிக்கை, பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பிளாட் எண்கள், குழந்தைகள் வளாகத்தில் பந்து விளையாடக் கூடாது என்ற தீர்மானம். இந்தக் கடைசி ஒன்று மட்டும் இருந்தால், எனக்குச் சின்னக் குழந்தை இருந்தால், நான் அந்த வீட்டை மேலே ஏறிப் பார்க்கவே மாட்டேன்.

அப்புறம் வீட்டிலிருந்து ஸ்கூல், பஸ் ஸ்டாப், மருந்துக் கடை வரை நடந்து பாருங்கள், தள்ளுவண்டியில் குழந்தை இருப்பதாகவே நினைத்துக்கொண்டு. நடைபாதை இருக்கும், ஆனால் அதன் மேல் பைக் நிற்கும், பைக்கைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்க வேண்டும், இறங்குகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி இருக்கும். மேப்பில் இது எதுவும் தெரியாது. வீட்டுக்குள் எல்லா அறையிலும் போன் சிக்னல் வருகிறதா, குழாயில் தண்ணீர் எந்த வேகத்தில் விழுகிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சத்தம் பெரிய பிரச்சினையா? பழகிவிடாதா?

காது பழகலாம், தூக்கம் பழகாது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் சாலைச் சத்தம் ராத்திரியில் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே, நாள் முழுதுக்குமான அளவு 53-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. இவை வீட்டுக்கு வெளியே அளக்கிற அளவுகள். டெசிபல் கணக்கு விசித்திரமானது. 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும், அதனால் 55-க்கும் 65-க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சின்னது என்று நினைக்காதீர்கள். போன் ஆப்பில் காட்டுகிற எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு வீட்டை ஒரே போனில் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட அது போதும்.

போக்குவரத்து தூக்கத்தோடு நிற்பதில்லை. டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் 1960-களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு சுமார் 2,000 வண்டிகள் போகிற தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள், 16,000 வண்டிகள் போகிற தெருவில் ஒன்றுகூட முழுதாக இல்லை, 0.9. வண்டிகள் பெருகிய தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். புது ஊரில் குழந்தைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கூட்டாளி கிடைக்க வேண்டும் என்றால் பிரதான சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே பாருங்கள். ஒரு வரிசைக் கட்டிடம் நடுவில் வந்தாலே சத்தம் நன்றாகக் குறைந்துவிடும். உள்ளே கிடைக்கவில்லையா, படுக்கையறைகளாவது பின்பக்கம் இருக்கிற வீடாக எடுங்கள்.

காற்று?

ஊர் முழுக்க ஒரே காற்று என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 2010-ல் செய்த மதிப்பாய்வின்படி, பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரைதான் வாகனப் புகையின் தாக்கம் மிக அதிகம். பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த ஆண்டு அளவு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். பெருநகரங்களில் அதை எட்டுவது கஷ்டம், அதனால் அந்த எண்ணைத் துரத்தாமல், குழந்தைக்கு வீசிங் இருந்தால் நெடுஞ்சாலை, மேம்பாலம், பஸ் டிப்போ, எப்போதும் வண்டி நிற்கிற சிக்னல் இவற்றிலிருந்து தள்ளி எடுங்கள்.

பாதுகாப்பான ஏரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குற்ற எண்ணிக்கை வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். கடைத்தெருவும் ஆபீஸும் நிறைந்த பகுதியில் பகலில் லட்சம் பேர் வந்துபோவார்கள், குடியிருப்பவர் கொஞ்சம் பேர்தான். குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த ஏரியா பயங்கரமாகத் தெரியும். எந்த வகைக் குற்றம், எந்த நேரத்தில் என்று பிரித்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

ராத்திரி போய் நின்று பார்ப்பது அதை விட உதவும். தெருவில் யார் நடக்கிறார்கள்? பெண்கள் தனியாகப் போகிறார்களா, நாயைக் கூட்டிக்கொண்டு வயதானவர்கள் வருகிறார்களா, ஏதாவது ஒரு கடையாவது திறந்திருக்கிறதா? நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே சொன்னது இதுதான், தெருவைக் காப்பது தெருவின் மேல் இருக்கிற கண்கள். உயரமான சுற்றுச்சுவரும் கேட்டில் காவலும் போட்ட வளாகத்துக்கு உள்ளே நிம்மதியாக இருக்கலாம், ஆனால் அப்படிப்பட்ட வளாகங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கிற தெருவில் சாயங்காலத்துக்கு மேல் நடந்து பாருங்கள், 400 மீட்டருக்கு ஒரு ஜன்னல்கூட ரோட்டைப் பார்க்காது.

குழந்தைகளைப் பொறுத்தவரை நான் திருட்டை விட வண்டி வேகத்துக்குத்தான் அதிகம் பயப்படுவேன். சாலைப் பாதுகாப்புக்கான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம், வண்டிகளும் நடப்பவர்களும் கலக்கிற இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. உங்கள் வாசல் தெருவில் என்ன வேகத்தில் போகிறார்கள் என்று பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று யாரிடம் கேட்பது?

ஓனரிடம் கேட்காதீர்கள், அவர் "இங்கேயா, வாய்ப்பே இல்லை" என்பார். சுவரிடம் கேளுங்கள். சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் நீளமாக ஒரு கறை ஓடுகிறதா, தரைத்தள வீடுகளில் வாசல்படி மட்டும் புதிதாகக் கட்டி உயர்த்தப்பட்டிருக்கிறதா, மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் மாற்றி வைத்திருக்கிறார்களா, கீழ்த்தளப் பார்க்கிங்கில் பம்ப் தயாராக நிற்கிறதா? எதிரில் பல வருடமாகக் கடை வைத்திருப்பவர் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கையாலேயே காட்டிவிடுவார். வீடு நாலாவது மாடி என்று நிம்மதி அடையாதீர்கள், கரண்ட் போனால் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் நின்றுவிடும், வண்டி கீழேதான் நிற்கிறது.

ஆன்லைன் விமர்சனங்கள், புரோக்கர் பேச்சு, எதை நம்புவது?

புரோக்கரிடம் "நல்ல ஏரியாவா?" என்று கேட்டால் என்ன சொல்வார், நல்ல ஏரியா என்றுதான் சொல்வார். "இந்த வீடு எத்தனை மாதமாகக் காலி?", "முன்பு இருந்தவர் எத்தனை வருடம் இருந்தார்?" என்று கேளுங்கள். முடிந்தால் காலி செய்கிற குடும்பத்திடமே பேசுங்கள். இனி ஓனரோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, உள்ளதைச் சொல்வார்கள். ஆன்லைனில் எழுதுகிறவர்களில் கோபத்தில் இருப்பவர்கள்தான் அதிகம், ஆனால் ஒரே புகாரை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு வருடத்தில் எழுதியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

சொந்தக்காரர்கள் இருக்கிற ஏரியாவிலேயே எடுத்துவிடலாமா?

அவசரத்துக்குச் சாவியையும் குழந்தையையும் கொடுத்துவிட்டுப் போக ஒரு வீடு பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம், அதற்காகக் கொஞ்சம் அதிக வாடகைகூடக் கொடுக்கலாம். ஒரே கட்டிடத்தில் மட்டும் வேண்டாம். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

"இரண்டு வருடத்தில் மெட்ரோ வந்துவிடும், மால் வந்துவிடும்" என்கிறார்களே?

வீடு வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய வசனத்தை உங்களிடம் சொல்கிறார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. கட்டுமானம் முடிகிற வரை தூசியும் தடுப்பும் உங்களுக்கு, முடிந்ததும் வாடகை உயர்வும் உங்களுக்கு.

வேறு ஊரில் இருக்கிறோம், நேரில் வரவே முடியாது. என்ன செய்ய?

முதல் இரண்டு மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக ஏதாவது ஒரு இடத்தில் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து தேடுவதுதான் நல்லது, செலவு கூடினாலும். அதுவும் முடியாது என்றால் வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல்லும்போது, கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை போனைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். ஓனர் அவர்தானா என்று உறுதி செய்வதற்கு முன்னால் "இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள், டோக்கன் அனுப்புங்கள்" என்று யார் அவசரப்படுத்தினாலும் பணம் அனுப்பாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் எல்லா ஊரிலும் முதலில் பிடிப்பது இந்த அவசரத்தைத்தான்.

எல்லாம் பார்த்துதான் போனோம், ஆனாலும் ஏரியா ஒத்துவரவில்லை என்றால்?

அதற்கு ஒப்பந்தம் போடும்போதே வழி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதத்துக்குள் காலி செய்தால் அபராதம், எவ்வளவு முன்னால் நோட்டீஸ் தர வேண்டும், அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், வருட முடிவில் வாடகை எவ்வளவு உயரும், இவை நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிற ஓனரிடம், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். மாறுவதாக இருந்தால் ஸ்கூல் மாறாமல் மாற முடியுமா என்று முதலில் பாருங்கள், பல சமயம் பிரச்சினை ஏரியாவில் இல்லாமல் அந்த ஒரு தெருவிலோ அந்த ஒரு கட்டிடத்திலோதான் இருக்கும், இரண்டு தெரு தள்ளிப் போனால் தீர்ந்துவிடும். கல்வியாண்டு முடிகிற மாதத்தோடு ஒப்பந்தமும் முடிகிற மாதிரி முதல் ஒப்பந்தத்தை 10 மாதம், 14 மாதம் என்று போட்டுத் தருவாரா என்று ஓனரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.